பால் தீய்ந்த வாடை

ஒரு காய்ச்சல் வந்து என் மூக்கைச் செல்லாக் காசாக்கிவிட்டுப் போனது. கண்ணாடி மாட்ட உதவுகிறது, அவ்வளவுதான். சோப்பும் சாக்கடையும் எனக்கு ஒன்று. வெளியே இப்படிக் கிண்டலாகச் சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் அழுகைதான். என் வீட்டுக்காரரின் சட்டையில் கிரீஸும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அதைக்கூட இழந்துவிட்டேன்.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கே சந்து தெரிந்தாலும் அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் கை அரிக்கும். சட்டைப் பையில் எப்போதும் டேப் சுருள் இருப்பதால் கூட்டாளிகள் அவரை 'டேப்பு' என்றே கூப்பிடுவார்கள். தொழிலை விட்டுக் கடையை மூடிய கையோடு, ஊர் சுற்றலாம் என்று ஒரு பழைய குட்டி வேனை வாங்கி வந்து நிறுத்தினார். உள்ளே தாழ்வான ஒரு படுக்கை, கை கழுவ ஒரு தொட்டி, பக்கத்தில் கேஸ் அடுப்பு. திரும்பிப் படுத்தால் முட்டி இடிக்கும்.

நான் உள்ளே காலை வைத்ததும் வாசனை அடித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த வாடை.

"ஏங்க, எனக்கு மூக்கு வந்திருச்சு! பால் தீயுது!"

அவர் நாலாபக்கமும் மோந்து பார்த்தார். "வேன்ல ஏது பால்? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே." பெட்ரோல் துடைத்த துணியை என் மூக்கருகே நீட்டினார். "இது?"

ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கினேன், பால் வாடை நின்றது. ஏறினேன், வந்தது. என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

படுக்கைக்கு அடியில்தான் வாடை அதிகம். மண்டியிட்டுத் துழாவினேன். தரைத் தகட்டில் ஒரு வட்ட ஓட்டை, அதில் எதையோ திணித்திருந்தார்கள். இழுத்தால் மஞ்சள் கம்பளிக் காலுறை ஒன்று வந்தது. பெண்களுடையது, குதிகால் தேய்ந்திருந்தது. அது வெளியே வந்ததும் வாடை பட்டென்று நின்றுவிட்டது.

"குளிர் காத்து வருதுன்னு அடைச்சிருக்கான். விவரமான ஆளு" என்றார் என் வீட்டுக்காரர், தன் இனத்தைக் கண்டுகொண்ட பூரிப்போடு.

"முதல்ல அடுப்ப மாத்துங்க" என்றேன். "கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. நீங்க தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டீங்க. அப்புறம் யார் யாரை எழுப்புறது?"

"காலமெல்லாம் கேஸோட குடும்பம் நடத்தினவன். எனக்கே பாடமா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் பழைய அடுப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

அடுப்புக் கடைக்கார அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது நான் வித்ததுதான். இந்த மூலை கடையிலேயே நசுங்கினது, அதனால விலை குறைச்சுக் கொடுத்தேன். வேன்ல ஊர் சுத்துற புருஷன் பொண்டாட்டி வாங்கிட்டுப் போனாங்க. ஒரு நாள் அந்தம்மா பாலை வெச்சுட்டு அசந்து படுத்திருக்காங்க. பால் பொங்கி நெருப்பு அணைஞ்சு போச்சு, கேஸ் மட்டும் வந்துட்டே இருந்திருக்கு. அவர் தண்ணி பிடிச்சுட்டு வந்து எழுப்பினா, எழுந்திருக்கல." நசுங்கிய மூலையை விரலால் தடவினார். "கேஸ் கனமானது, கீழதான் இறங்கும். அது வெளிய போகத்தான் தரையில ஓட்டை வைப்பாங்க. அது இருந்தும் எப்படின்னு எனக்கு இன்னும் புரியல. பாவம், எப்பவும் கால் குளிருதுன்னு சொல்லிட்டே இருப்பாங்க."

நான் கைப்பையிலிருந்து மஞ்சள் காலுறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். "அந்த ஓட்டையில இதுதான் இருந்துச்சு" என்றேன்.

கடைக்கார அம்மா ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றைக் காட்டினார். திருகை அழுத்திப் பிடித்துப் பற்றவைத்து, தானே ஊதி அணைத்தார். சற்றுப் பொறுத்து உள்ளே 'டக்' என்றது.

"நெருப்பு அணைஞ்சா இதுவே கேஸை நிறுத்திடும். ஆனா எரிஞ்சுட்டே இருந்தா இதுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் சாத்திட்டு இதுல குளிர் காயாதீங்க. அதுல வர்ற விஷக்காத்துக்கு வாடையே கிடையாது, நல்ல மூக்குக்கும் தெரியாது. கீழ ஓட்டை, மேல ஜன்னல், ரெண்டும் திறந்தே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும். காதுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

முதல் பயணத்தில் ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம், தூறல், ஊசியாய்க் குத்தும் காற்று. பாத்திரங்களைக் கழுவ நான் தள்ளியிருந்த குழாயடிக்குப் போனேன். அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வேனில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

தட்டை அலசும்போது அந்த வாடை வந்தது. திறந்த வெளியில், மழையில், யாரோ என் முகத்துக்கு நேரே பாலைத் தீய்ப்பதுபோல வந்தது. தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வேன் கதவு சாத்தியிருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்துத் திறந்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு மேலே கம்பியில் என் காலுறைகள் தொங்கின. அவர் படுக்கை ஓரத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். திருகை அணைத்தேன். அக்குளில் கை கொடுத்து இழுத்து மழையில் போட்டேன். கன்னத்தில் அறைந்தேன். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தபோது வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

"தலை வெடிக்குது" என்றார். "நீ நனைஞ்சுட்டு வருவ, கால் குளிருமேன்னு..."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு அவரை மரத்தடியில் சாய்த்து உட்காரவைத்தேன்.

"தரை ஓட்டையையும் அடைச்சீங்களா?"

மாட்டிக்கொண்ட திருடனைப் போலத் தலையை ஆட்டினார். "பழைய பனியன வெச்சு. நல்லா குத்தி அடைச்சேன்."

வேனில் ஏறிப் படுக்கைக்கு அடியில் கைவிட்டேன். ஓட்டை திறந்திருந்தது. ஏரிக் காற்று என் விரல்களுக்கிடையே ஏறி வந்தது. பனியன் படுக்கையின் மேல் இருந்தது, ஓரத்தோடு ஓரம் வைத்து நாலாக மடித்து. எங்கள் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்து நான் பார்த்ததில்லை.

வாடை இன்னும் மெலிதாக இருந்தது. சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை.

"எழுந்திருச்சுட்டார்மா" என்றேன், காலியான வேனைப் பார்த்து.

வாடை நின்றது. நான் இறங்கிப் போய் அவருடைய ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எந்த வாசனையும் இல்லை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.