டிசம்பர் முப்பத்தொன்று வரை

நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டத்தை மறைத்த பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் தலையில் ஒரு தொப்பியை வைத்து அனுப்பியது. நிர்வாகவியல் பட்டதாரி பாங் செஜின்! எழுபத்தொரு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். தலைநகர் சியோலில் ஒருவன், "இப்படி ஒரு காலேஜ் இருக்கா என்ன?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டான். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

சாங்வோனில் கார் இருக்கை தைக்கும் ஆலையில், தையல் பிரிவுக்குப் பள்ளிப்படிப்பு முடித்தவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். பட்டதாரி வந்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவான், ஓடாவிட்டால் சங்கம் ஆரம்பிப்பான் என்று அவர்களுக்குப் பயம். விண்ணப்பத்தில் நான் பள்ளியோடு நிறுத்திக்கொண்டேன். இடையில் நான்கு வருடம் என்ன செய்தாய் என்ற இடத்தில், கோழி வறுக்கும் கடையில் வேலை என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. மாலையில் அங்கேதான் நின்றேன். வகுப்பில் கற்றதைவிட அங்கே கற்றது அதிகம்.

மூன்று மாதம் தகுதிகாண் காலம். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நிரந்தரமாகிவிடும்.

"உன் தையல், நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகுதுடி. பன்னெண்டாம் தேதி தாண்டிட்டா உன்னை எவனும் அசைக்க முடியாது" என்று எங்கள் வரிசையின் தலைவி கில்ஜா அக்கா சொன்னாள். நான் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்லூரித் துறையிலிருந்து வாரம் தவறாமல், வேலை கிடைத்ததா என்று கேட்டு போன் வரும். நான் எடுப்பதில்லை. அம்மா எடுத்தாள். மகள் வேலையில் இருக்கிறாள் என்ற பெருமையில், ஆலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

ஒன்பதாம் தேதி மதிய இடைவேளையில் ஆலை வாசலில் ஒரே கூட்டம். எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் தக், ஒரு பெட்டி சத்துப் பானத்தோடு வந்திருந்தார். வேலியில் அவர் கட்டியிருந்த பேனர் என்னைவிட உயரம். 'வாழ்த்துகள்! எங்கள் பட்டதாரி பாங் செஜின் இந்நிறுவனத்தில் பணியேற்றார்!'

"சார், கும்பிட்டுக் கேக்கறேன், அதைக் கழட்டுங்க."

"என்ன அடக்கம் பாருங்க! வா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்... வா..." பேனரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "...செஜின்!" என்றார். நான்கு வருடம் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கால் மணி நேரத்தில் பணியாளர் பிரிவு மேலாளர் மேங் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ பட்டதாரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தக் முந்திக்கொண்டார். "சாதாரணப் பட்டதாரி இல்லைங்க, வகுப்புலயே ரெண்டாவது!"

"அப்ப விண்ணப்பத்துல பொய் எழுதியிருக்கா. வெச்சுக்க முடியாது. இன்னைக்கே கெளம்பட்டும்."

பேராசிரியரின் முகம் வெளுத்துப்போனது. எனக்காகக் கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள் நான். நிஜமாகவே கெஞ்சினார்.

"சார், பெரிய மனசு பண்ணி முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் மட்டும் வெச்சுக்கங்க. அன்னைக்குத்தான் கவர்மெண்ட்ல எத்தனை பட்டதாரிக்கு வேலை கிடைச்சிருக்குன்னு கணக்கெடுப்பாங்க. இந்த வருஷமும் குறைஞ்சா எங்க துறையையே மூடிருவாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

மேங் சிரித்தார். "கோடை லீவுல ரெண்டு பசங்களைச் சம்பளமில்லாம வேலைக்கு அனுப்புவீங்களா?"

"மூணு பேரா அனுப்பறேன்!"

சந்தையில் மீன் பேரம் பேசுவதுபோல் என்னை வைத்துக்கொண்டே பேசி முடித்தார்கள். இரண்டு பேருமே பட்டதாரிகள். அந்தப் படிப்பு எதற்குப் பயன்படும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். த்தூ!

பன்னிரண்டாம் தேதி வந்தது, போனது; நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. நான் தைத்துக்கொண்டே இருந்தேன். முப்பதாம் தேதி மாலை, இன்றோடு விலகுகிறேன் என்று எழுதி மேங்கின் மேசையில் வைத்தேன்.

"ஒரு நாள்ல என்னடி வந்துருச்சு? நாளைக்கும் வந்து தைச்சிட்டுப் போயேன்" என்றாள் கில்ஜா அக்கா.

"அந்த ஒரு நாளைக் குடுக்க மனசு வரலைக்கா."

மறுநாள் காலை எட்டு மணிக்கே போன் வந்தது. இந்தத் தடவை நான் எடுத்தேன். பேராசிரியர் தக்.

"செஜின், இப்படிப் பண்ணிட்டியேம்மா! சரி, பரவால்ல. உடனே கெளம்பி இங்க வா. துறை ஆபீஸ்ல உன்னை வேலைக்கு எடுத்துக்கறோம்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"இன்னைக்கு ஒரு நாள்."

"அந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கணும்?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "படிப்பெல்லாம் எதுவும் வேணாம்மா, அடையாள அட்டை மட்டும் எடுத்துட்டு வா" என்றார்.