லெட்டூஸ் பாத்தி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுப்பட்டினத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் முப்பது சென்ட்டில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. விளைவதை விற்பதில்லை. சனிக்கிழமை காலையில், கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்குப் பை பையாகக் கொடுத்துவிடுவோம். (நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. தோட்டத்துக்குப் போகிறவள்.) அதை நடத்துகிற ஜெனிட்டா, சர்ச்சின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டாள். "நடந்ததையே எழுதுங்கக்கா. போதும்."

நடந்ததைத்தான் எழுதினேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் இடம் மாற்றி வைத்தேன்.

2

"வங்கக் கடலின் உப்புக் காற்று வருடும் அந்த எழில்மிகு..."

[நிறுத்திவிட்டேன். அங்கே வருடுவது ஆட்டு எரு வாசனை.]

"அணுபுரத்தில் வசிக்கும் வசுமதி இளகிய மனம் படைத்தவள். ஏழைகளைக் கண்டால்..."

[இதை எழுதுகிற வசுமதி நான்தான். இதையும் நிறுத்திவிட்டேன்.]

பாப்பாக்காவிடமிருந்து ஆரம்பிக்கலாம். ஐம்பது வயது. [நாற்பத்தெட்டு. திருத்தியவர் பாப்பாக்கா.] கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் அவருக்கு வேலையும் கிடையாது. அந்த மாதம்தான் பையோடு எங்கள் வரிசையில் வந்து நின்றார்.

3

நான் ஆன்லைனில் விதை வாங்கி ஒரு பாத்தி முழுக்க லெட்டூஸ் போட்டிருந்தேன். சாலட்டில் போடுகிற பச்சை இலை. பாத்தி அவ்வளவு அழகாக இருந்தது, போட்டோ எடுத்து என் அக்காவுக்குக்கூட அனுப்பினேன். முதல் அறுப்பில் ஆளுக்கு ஒரு கட்டு வைத்தோம்.

பாப்பாக்கா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? கோசு மாரியும் இல்ல, கீர மாரியும் இல்ல."

"லெட்டூஸ். பச்சையாவே சாப்பிடலாம்."

"பச்சையா துன்றதுக்கு நான் இன்னா ஆடா?"

வரிசையே சிரித்தது. பாப்பாக்கா விடவில்லை. "இந்தப் பாத்தில சிறுகீர போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு தபா புடுங்கிருக்கலாம். வூட்ல நாலு பேர் துன்னுவாங்க."

அப்போதுதான் அந்த வாக்கியம் விழுந்தது: "சும்மா குடுக்கிறதுல குறை சொல்லக் கூடாதும்மா."

சிரிப்பு நின்றது. பாப்பாக்கா பையைக் கவிழ்த்தார். லெட்டூஸ் மட்டுமில்லை, கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினார். பையை உதறி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

என் முதல் வரைவில் இதைச் சொல்கிறவர் தாமோதரன் சார். எங்கள் குடியிருப்பிலிருந்து தண்ணீர் பாய்ச்ச வருகிற, ஓய்வுபெற்ற என்ஜினியர். கொஞ்சம் சிடுமூஞ்சி. அவர் வாயில் அது கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாம் வரைவிலும் அவரேதான். மூன்றாவதைப் படித்த ஜெனிட்டா, தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்: "அன்னிக்கு தாமோதரன் சார் வரவே இல்லியேக்கா?"

சொன்னது நான்.

(தாமோதரன் சாரிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. மலர் வந்ததும் அவரே படித்துக்கொள்ளட்டும்.)

4

இரண்டு சனிக்கிழமை பாப்பாக்கா வரவில்லை.

ஒரு முடிவு: நான் அவர் வீடு தேடிப் போகிறேன். இருவரும் அழுகிறோம், கட்டிக்கொள்கிறோம். [மலருக்கு ஏற்ற முடிவு. ஆனால் யாரும் அழவில்லை.]

இன்னொன்று: நான் போகவே இல்லை. [அதுவும் நடந்திருக்கும். தெருமுனை வரை போய் ஒருமுறை திரும்பி வந்தேன்.]

மறுநாள் போனபோது வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். "தப்பாப் பேசிட்டேன் பாப்பாக்கா" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மிச்சம் மூன்று வாக்கியங்களும் மறந்துபோயின.

அவர் ஒரு புடவையைப் பிழிந்து முடித்தார். "பேஜாரா பூட்ச்சி மேடம். வெண்டக்காயாவது எடுத்தாந்திருக்கலாம்னு வூட்டுக்கு வந்தப்புறம் தோணிச்சு. அன்னிக்கு வெறும் ரசம்தான். ரோஷம் வுடல."

நான் பேசியவரைக்கும் போதும் என்று இருந்தது.

"அந்த எல இன்னும் கீதா, புடுங்கிட்டியா?"

'மேடம்' போய் 'நீ' வந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே, "இருக்கு" என்றேன்.

"சனிக்கிழம வரேன். பை எடுத்தாரேன். மொதல்ல மம்மட்டி குடு."

வந்தார். லெட்டூஸை என்னையே பிடுங்க வைத்தார். மண்ணைக் கொத்தி, எரு போட்டு, சிறுகீரை விதைத்தார். தாமோதரன் சார் குழாயோடு வந்து தண்ணீரைப் பீய்ச்ச, "நைனா, மொள்ள வுடு! வெத மெதந்துகினு போவுது பாரு" என்றார். அதுவரை யார் சொல்லியும் கேட்காத மனிதர் குழாயைத் தாழ்த்தினார். ஜெனிட்டா சிரிப்பை அடக்க முடியாமல் கத்தரிச் செடிகளுக்குள் குனிந்துகொண்டாள். அன்றைக்குப் பை கொடுக்கும்போது பாப்பாக்கா வரிசையில் போய் நின்றார். நான் நீட்டினேன். உள்ளே பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தை பிறந்து மண்டபத்தில் வேலை வந்துவிட்டது. இப்போது அவருக்குப் பை தேவையில்லை. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் வருகிறார். எங்களையெல்லாம் வேலை வாங்குகிறார்.

5

இதுவரை எழுதியதை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆடு வருகிற இடத்தில் சிரித்தார். என் வாக்கியம் வருகிற இடத்தில் சிரிக்கவில்லை. அதனால் கேட்டேன்: "அது இன்னும் மனசுல இருக்கா பாப்பாக்கா?"

பதில் சொன்னார். நான் பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த எழுதாத. அது உனக்கு சொன்னது."

ஆகவே இங்கே ஒரு வரி

காலியாக நிற்கிறது. உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான பதில்தான் வேண்டும் என்றால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து அவரிடமே கேளுங்கள். சொல்வாரா, தெரியாது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், கொத்தவரைப் பாத்தியில் களை நிறைய இருக்கிறது.