டேப்புக்குக் கீழே

தகரவாளியில் நின்ற மாங்கன்றில் தளிர் கண்டதும் மக்டலின் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் பக்கத்து வீட்டு ஸுல்பிகாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணன் திரும்பி வந்திட்டார் போல அக்கா," என்றாள் ஸுல்பிகா, மதிலால் எட்டிப் பார்த்து. "இந்தமுறை குடிச்சிட்டுச் சத்தம் போடமாட்டார்."

மக்டலினுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நனைந்தது. இறந்துபோன கணவர் வின்சன்ட் எங்கேயோ சாப்பிட்ட பழத்தின் கொட்டையைப் புதைத்து வளர்த்த மரத்தின் ஒட்டு அது. அந்த ருசியில் ஒரு பழம் திருகோணமலைச் சந்தையில் கிடையாது. அவர் போன அடுத்த மாரியில் காற்று மரத்தையும் சாய்த்தது. அப்போது லீவில் நின்ற மகன் ஜக்சன், விழுந்த மரத்தில் குச்சிகள் வெட்டி, நாட்டு மாங்கன்றுகளில் ஒட்டி, டேப் சுற்றிவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினான். மரம் பேக்கரிக்கு விறகாகப் போனது. ஒட்டியவையும் கருகின, இந்த வாளியைத் தவிர.

வீடியோ அழைப்பில் ஜக்சனை எடுத்துத் தளிரைக் காட்டினாள்.

"கிட்டக் காட்டுங்க அம்மா. டேப் எங்க இருக்கு?"

"இந்தா மகன், தளிருக்கு மேல."

அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பின்னால் யாரோ அரபியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கீழ வாறதைக் கிள்ளச் சொன்னனான் எல்லே? அது அப்பாட மரமில்ல, வெறும் புளிமாங்காய். அது முந்தினா மேல இருக்கிற மொட்டு எழும்பாது."

"உசிரோட வாறதை எப்பிடி மகன் கிள்ளுறது? அரிசி கழுவின தண்ணியெல்லாம் அதுக்குத்தானே ஊத்தினனான்."

"சரி, அழாதேங்க. மேல் குச்சியை நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ளுக்குப் பச்சையெண்டா மொட்டு தூங்குது. கீழ்த் தளிரை முறிச்சா எழும்பும்." குரல் இறங்கியது. "அப்பாவை அடக்கம் பண்ணவும் நான் வரேல்ல அம்மா. இதாவது..."

குச்சியை மூடியிருந்த பொலித்தீன் பையைக் கழற்றினாள். நுனியில் மொட்டு இறுக மூடி, நாளைக்கே விரியும் என்பதுபோல இருந்தது. அதன் அடியில் சுரண்டினாள். மண்ணிறம். இன்னும் கீழே சுரண்டினாள். தீக்குச்சிபோலக் காய்ந்திருந்தது. டேப்பை ஒட்டிய இடத்திலும் மண்ணிறம்தான். நகம் டேப்பைத் தாண்டி வழுக்கியது. அங்கே ஈரப் பச்சை. மாம்பால் மணந்தது.

"பச்சையா அம்மா?"

துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

"கேக்கேல்ல மகன். கப்பல் ஊதுது."

"பச்சையா?"

ஊதல் நின்றுவிட்டது. மக்டலின் தளிரை இரண்டு விரலுக்கிடையில் பிடித்திருந்தாள். செம்பு நிறத்தில், பச்சைப் பிள்ளையின் காதுமடல்போல மெத்தென்று இருந்தது. அவளுக்கு அதை முறிக்கவும் ஏலவில்லை, விடவும் ஏலவில்லை. மற்றக் கையில் போன், வானத்தைக் காட்டியபடி இருந்தது.