குடும்பத்துக்கு மட்டும்

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, நர்ஸம்மாவின் கதை அதுதான். வேலைக்கு வந்த நாட்டுக்குப் புருஷனையும் மகளையும் அழைத்துக்கொள்ள வேண்டுமானால் அவள் பேரில் குடும்ப வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்றது குடியேற்ற அலுவலகம். குடும்ப வீடு வேண்டுமானால் குடும்பம் எங்கே என்றார்கள் வீட்டுக்காரர்கள். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் தள்ளி, நீங்களே பேசி முடியுங்கள் சாமி என்று வெளியே பூட்டுப் போட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

மாதம் முடிவதற்குள் ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடும். மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும், வருஷம் ஓடிவிடும். மகள் இப்போதே போனில் “சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா” என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் போனால் போனையே எடுக்க மாட்டாள் என்ற பயம் நர்ஸம்மாவுக்கு. அந்தப் பயம்தான் கோபமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

தனியாகப் போய்ப் பார்த்த வீடுகள் ஒன்றும் அமையவில்லை. ஒரு அம்மாள் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல், தனிப் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றாள். இன்னொரு புண்ணியவான், உங்கள் சமையல் வாசம் சுவரில் ஊறிவிடும் என்றார். என்ன சமைப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள் முழுக்க அந்த ஊர்க்காரர்களின் முதுகைத் துடைத்துவிடுகிற கை இது. அந்தக் கைக்கு வாசம் இல்லையாக்கும்!

“தனியா போய் நின்னா யாருடி மதிப்பா?” என்றாள் அக்கா. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, அதே வார்டில் வேலை பார்ப்பவள். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால்தான் நர்ஸம்மா குடியிருந்தாள். “நாலு பேர் கூட வந்தாதான் நமக்கும் ஆள் இருக்குன்னு தெரியும். நாங்க வர்றோம்.”

நல்ல மனசு. நல்ல மனசோடு செய்கிற காரியத்தைத்தான் தடுக்க முடிவதில்லை.

சனிக்கிழமை காலை அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் போனபோது கூட வந்தவர்கள் அக்கா, அக்கா புருஷன், அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள், கார் கொடுத்த மளிகைக்கடைக்காரர், அவர் மனைவி, காரில் இடம் இருந்ததால் ஏறிக்கொண்ட அவர் மச்சான். வீட்டுத் தரகர் நம் ஆள்தான். எப்போதும் இடுப்பில் குலுங்கும் சாவிகளால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். கூட்டத்தைப் பார்த்ததுமே அவர் முகம் செத்துவிட்டது.

“என்னம்மா இது, பெண் பாக்கவா வந்திருக்கீங்க?” என்று பல்லைக் கடித்தார்.

அதற்குள் மளிகைக்கடைக்காரர் குழாய்களைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தாகிவிட்டது. அவர் மனைவி அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடினாள். சாமி படத்துக்கு எந்த மூலை என்று அக்காவும் அக்கா புருஷனும் வாக்குவாதத்தில் இறங்க, பிள்ளைகள் மரத்தரையில் காலுறையோடு சறுக்கி விளையாடினார்கள். மச்சான் பால்கனியில் நின்று, தன் வீட்டைப்போல, துணி காயப்போட வெயில் வரும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதைச் சாவிக்கொத்து தமிழில் சொன்னார்.

“இத்தனை பேரும் இங்கேயா இருக்கப் போறீங்கன்னு கேக்குறார்.”

“இல்லைன்னு சொல்லுங்க. நாங்க மூணே பேர்.”

“அப்போ இவங்க எதுக்கு வந்திருக்காங்களாம்?”

வீடு பார்க்கப் போகிறவளுடன் நாலு பேர் வருவார்கள் என்பதற்குக் காரணம் உண்டா? சாவிக்கொத்து ஏதோ சொல்லிச் சமாளித்தார். வீட்டுக்காரர் தலையை ஆட்டி, கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம்.

நர்ஸம்மாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஏறிய கோபம் இறங்கியது அக்காவின் மேல்.

“உன்னை யாரு ஊரைக் கூட்டச் சொன்னது? கிடைக்க இருந்த வீடும் போச்சு. எல்லாரும் கீழே போங்க!”

அக்கா பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் தலைகுனிந்து போனார்கள். நர்ஸம்மா போகவில்லை. போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் புருஷனும் மகளும் வந்ததும் அதை வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுதான் என் குடும்பம். பாத்துக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். சாவிக்கொத்திடம் ஏதோ கேட்டார். சாவிக்கொத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சமையலறையைக் காட்டச் சொல்றார். எப்படி வெச்சிருக்கீங்கன்னு பாக்கணுமாம்.”

கூசிப்போனது அவளுக்கு. அங்கே அவள் புருஷன், பாவி மனுஷன், சிரித்த முகத்தோடு எழுந்து அடுப்பைக் காட்டினான், பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினான். அடுத்துக் குளியலறை என்றார் வீட்டுக்காரர். அதையும் காட்டினான். போன் இணைப்பைத் துண்டித்துவிட்டால் மானம் மிஞ்சும், மகள் மிஞ்ச மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மகள் திரைக்குள் முகத்தை நுழைத்தாள்.

“அம்மா, அந்த மாமா நம்ம வீட்டுக்குக் குடிவரப் போறாரா?”

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். மகள் விடவில்லை.

“பிடிச்சிருந்தா வரச் சொல்லுங்கம்மா. என் ரூமைத் தர்றேன்.”

பிள்ளை என்ன சொல்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது என்று சாவிக்கொத்து மழுப்பப் பார்த்தார். நர்ஸம்மா அவரை விலக்கிவிட்டு, தனக்கு அரைகுறையாகத் தெரிந்த அந்த ஊர்ப் பாஷையில் தானே சொன்னாள்.

“நீங்க எங்க வீட்டுக்குக் குடிவரப் போறீங்கன்னு நினைச்சுட்டா. பிடிச்சிருந்தா வரலாமாம். தன் ரூமையே தர்றாளாம். எத்தனை பேருன்னு அவ கேக்கலை.”

வீட்டுக்காரர் காது மடல்வரை சிவந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு சாவிக்கொத்தை உள்ளறைக்கு அழைத்துப் போனார். சாவிக்கொத்து பையில் கொண்டுவந்திருந்த வாடகை ஒப்பந்தம் வீட்டுக்காரரின் கையெழுத்தோடு வெளியே வந்தது. அவளும் போட்டாள், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில். சாவி கைக்கு வந்தது.

“நல்ல மனுஷன், பாருங்க,” என்றார் சாவிக்கொத்து. “ஆனா மூணு பேர்தானாம். அப்பப்போ வந்து எண்ணிப் பாப்பாராம்.”

நல்ல மனுஷன்! இத்தனைக்குப் பிறகும் எண்ணுவானாம்!

அவள் பால்கனிக்குப் போனாள். கீழே கார் அருகில் அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள், மச்சான்கூட.

“அக்கா!” தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “வீடு கிடைச்சாச்சு! நான் பேசினது தப்பு. எல்லாரையும் கூட்டிட்டு மேல வா!”

பிறகு உள்ளே திரும்பி, வீட்டுக்காரரைப் பார்த்து, வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“வர்றாங்க,” என்றாள். “எண்ணிக்கோங்க.”