ஆசான் கடைசியாகச் சொன்னது

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி ஷெமி திருப்புளியின் பிடியால் தட்டினாள். டங் என்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினாள். டங்.

"கேக்குதா மாமா?"

"கேக்குது மக்ளே. இன்னும் பின்னால போ. கதவு முடியுத எடம்."

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து யோசுவாவின் குரல் மூச்சுக்கு நடுவே வந்தது. நாற்பது வருடம் நேமத்தில் பட்டறை வைத்திருந்தவர். ஆசான் அடியில் படுத்துப் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் பழைய வண்டி வாங்கியதில்லை. இப்போது நெஞ்சில் நீர் கோத்து எழ முடியவில்லை. மருமகளைப் படுக்கவைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி அவர் மகன், ஷெமியின் கணவன் சிபியுடையது. பொன்முடியில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் இருபது வருடம் கிடந்த, கூரை மடங்கும் சீமை ஸ்போர்ட்ஸ் கார். சிபி அதற்குப் புதிதாகச் சிவப்பு அடித்திருந்தான். வாங்க வந்த ஆடிட்டர் தாணுமாலையன் மாமரத்தடியில் நின்று மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை பொன்முடிக்கு. ஒந் தங்கச்சியா? அவ எங்க இருப்பா? மொத்தமே ரெண்டு சீட்டுல்லா!"

ஷெமி கதவு முடிகிற இடத்தில் தட்டினாள். தொப் என்றது.

"மறுபடி."

தொப்.

"கூர்ப்பக்கம் வச்சு ஒரு குத்து குத்து."

கறுப்பாகப் பளபளத்த தார்ப்பூச்சில் குத்தினாள். திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று. இழுத்ததும் துரு பொலபொலவென்று கழுத்தில் உதிர்ந்தது. தலையைத் திருப்பினால் பக்கத்தில் சிபியின் செருப்புகள். அவன் குனிந்தான். இன்னும் காயாத தாரை விரலால் வழித்து ஓட்டையின்மேல் தேய்த்தான். மூன்று வருடமாக அவன் கையில் எடுத்த எதுவும் கரை சேரவில்லை. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

உள்ளே போனதும் யோசுவா கேட்டார். "எவ்வளவு போச்சு?"

"பிடி வரைக்கும் மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். "வண்டியத் தாங்குத சேஸிஸ் தீர்ந்துபோச்சு. மலை வளைவுல ரெண்டா மடங்கிரும். ஓட்டுறவன் மிஞ்ச மாட்டான். வேண்டாம்னு சொல்லிரு."

"நம்ம சிபி வண்டில்லா, மாமா."

"எவன் வண்டியானா என்ன? சொல்லிரு மக்ளே."

அவள் முற்றத்துக்கு வந்தாள். தாணுமாலையன் போனைப் பையில் போட்டார். "ஆசான் எந்தா சொன்னாரு மோளே?"

சிபி பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே இடத்தைத் துடைத்தான்.

"கொள்ளாம், நல்ல வண்டின்னு சொன்னாரு."

சிபி நிமிரவில்லை. தாணுமாலையன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வண்டி போன பிறகு அவள் உள்ளே வந்தாள். யோசுவாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னல் அவ்வளவு நேரமும் திறந்தேதான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. முன்னறையில் சவப்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யோசுவாவின் தங்கை ரத்னாபாய் நான்காவது தடவையாகக் கேட்டாள்.

"நீதானே கூட இருந்த? கடைசியா என்ன சொன்னான் எங்க அண்ணன்?"

"தண்ணி கேட்டாரு மாமி."

"கேட்டியளா! சிலுவையில ஆண்டவருக்கும் தாகம்தான் வந்துச்சு. நல்ல சாவு." மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்து வந்தவளிடமும் அதையே சொன்னாள்.

வெளியே அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. சிவப்புக் கார் கேட்டை அடைத்தபடி நின்றது. தாணுமாலையனும், கையில் மலர் வளையத்தோடு அவர் மனைவியும் இறங்கினார்கள். அவர் பெட்டியருகே கைகூப்பி நின்றுவிட்டு ஷெமியிடம் வந்தார்.

"ஆசான் கடைசியாப் பார்த்த வண்டி எனக்குக் கிடைச்சிருக்கு, பார்த்தியா? நாளைக்குப் பொன்முடி. இவளுக்கு அந்த வளைவெல்லாம் பயம். ஆசான் வாக்கு இருக்குல்லா, பயப்படாதேன்னு சொல்லியிருக்கேன்."

மனைவி கூச்சத்தோடு தலையை ஆட்டினாள்.

"அவரு தண்ணி கேக்கல" என்றாள் ஷெமி.

ரத்னாபாய் திரும்பினாள்.

"வண்டி வேண்டாம்னு சொன்னாரு. அடியில துருப்பிடிச்சு சேஸிஸே இல்ல. மலையில ரெண்டா மடங்கிரும், ஓட்டுறவன் மிஞ்ச மாட்டான்னு சொன்னாரு. அதான் கடைசியாச் சொன்னது. நான்தான் மாத்திச் சொன்னேன்."

பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தாணுமாலையன் பெட்டியின் தலைமாட்டில் நின்ற சிபியைப் பார்த்தார். பிறகு மனைவியிடமிருந்து மலர் வளையத்தை வாங்கி யோசுவாவின் காலடியில் வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெருவில் அவர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது.

கல்லறைக்குப் போக சபை வேன் வந்து ஹார்ன் அடித்தது. "கேட்டுல கெடக்க வண்டிய எடுங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள்.

சாவி காரிலேயே தொங்கியது. சிபி அதைத் தொடவில்லை. பின்னால் போய் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினான். கார் அசைந்து மதிலைப் பார்த்துத் திரும்பியது. ஷெமி படியிறங்கிப் போய், கதவுக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.