ஹேமநாதன் அழுத்தாத இரண்டு பொத்தான்கள்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் ராஜம்மா சித்தி வீட்டுச் சமையலறையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸை நான் பிரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள ஆசைதான். ஆனால் சம்பந்தப்பட்டவள் இதைப் படிப்பாள். படித்த கையோடு ஃபோன் அடிப்பாள்.

நடந்தது இவ்வளவுதான். சித்தியின் மகள் கஸ்தூரியைப் பெண் பார்க்க ஸ்கூடாயிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹேமநாதன் சிங்கப்பூரில் ஏசி மாட்டும் ஓர் ஏர்கோன் கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறவர். ‘ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கட்டும்’ என்று பெரியவர்கள் இருவரையும் டிவி இருக்கும் அறையில் உட்காரவைத்து, கதவை மட்டும் திறந்தே வைத்தார்கள். அவர்கள் பேசவில்லை. சூப்பர் ஹீரோக்கள் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கும் ஒரு வீடியோ கேம் ஆடினார்கள். கடைசியாக ஆடிய சுற்றில் ஹேமநாதன் தோற்றார்.

வேண்டுமென்றே தோற்றாரா, உண்மையிலேயே தோற்றாரா? அது தெரியாமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்கிறாள் கஸ்தூரி. மாப்பிள்ளை வீட்டில் சரி சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இவள் பதில் சொல்ல வேண்டும். நான் எழுத உட்கார்ந்திருக்கும் இன்று வியாழக்கிழமை.

2.

முதல் வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

“உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் தும்பி நின்றாள். காற்றில் அவள் இறக்கைகள்—”

(நிறுத்திவிட்டேன். தும்பி அந்த கேமில் கஸ்தூரி ஆடும் ஆள்; ஒரே இடத்தில் நின்றால் அடி விழும். அது கூடத் தெரியாமல் எழுதினால் கஸ்தூரி விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

“கஸ்தூரிக்குச் சிறு வயது முதலே—”

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன். அவளுக்கு இருபத்தொன்பது வயது. சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. சம்பளத்தில் வாங்கிய கேம் பெட்டி. இது போதும்.)

“ஹேமநாதன் நல்லவர்.”

இந்த வரியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது. நம்புவதற்குத்தான் ஆதாரம் வேண்டியிருக்கிறது.

3.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த விளையாட்டில்? வந்தவர்கள் கிளம்பிப் போன அன்று சாயங்காலமே கஸ்தூரியிடம் கேட்டேன்.

“கேட்டா எப்படிக்கா புரியும்? இந்தாங்க, புடிங்க” என்று கன்ட்ரோலரை என் கையில் திணித்தாள்.

அடி வாங்கினேன். தும்பி என்பவள் ஒல்லியானவள், முதுகில் கண்ணாடி இறக்கை. கஸ்தூரி எப்போதும் அவளைத்தான் எடுப்பாள். என்னிடம் தந்தது லோரியை, பெயருக்கேற்ற லாரி மாதிரி ஆள். கருங்கல் உடம்பு, கழுத்து என்று ஒன்று கிடையாது.* லோரி ஒரு கையைத் தூக்குவதற்குள் தும்பி நாலு குத்து விட்டுப் பின்னால் போய் நின்றுவிடுகிறாள்.

(* பெயர்கள் கஸ்தூரி வைத்தவை. விளையாட்டில் இருக்கும் பெயர்கள் நீளமானவை. உருவங்களையும் நான் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கண்டுபிடித்துவிடாதீர்கள்.)

ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தது. திரையின் அடியில் ஒரு பட்டை. எதிராளியை அடித்தால் அது கொஞ்சம் நிரம்புகிறது. அடி வாங்கினால் அதைவிட அதிகமாக நிரம்புகிறது. நிறைந்ததும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். லோரியாக இருந்தால் எதிராளியைத் தூக்கி மூன்று கட்டடங்களின் வழியாக எறிந்து ஆற்றில் போடுவான். தும்பியாக இருந்தால் மேகம் வரை இழுத்துக்கொண்டு போய்க் கையை விட்டுவிடுவாள். தோற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்தப் பட்டை முதலில் நிறைகிறது. ஆகவே ஜெயித்துக்கொண்டிருப்பவர் கடைசி வரை அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டேதான் ஆட வேண்டும்.

அடுத்த சுற்றில் கட்டடங்கள் எல்லாம் பழையபடி நிற்கின்றன. யாரும் சாகவில்லை, யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. இவ்வளவு அடிக்குப் பிறகும் எதிரில் இருப்பவர் இன்னும் ஆடத் தயாராக இருக்கிறார். இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே கிடைக்கிறது?

ஆனால் எனக்கு உண்மையான சந்தோஷம் வந்தது வேறோர் இடத்தில். எத்தனையோ தோல்விக்குப் பிறகு ஒரு தடவை, ஒரே தடவை, லோரியின் குத்து தும்பியின் மேல் பட்டது.

“அலாமாக்! அக்கா!” என்று கத்தினாள் கஸ்தூரி.

பத்திரிகையில் என் கதை வந்தபோதுகூட நான் அப்படிக் குதித்ததில்லை. காரணம் யோசித்தேன். அவள் எனக்கு எதையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குத்து முழுக்க முழுக்க என்னுடையது.

4.

இனி அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். பாதி நான் எட்டிப் பார்த்தது, பாதி கஸ்தூரி சொன்னது.

முதலில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹேமநாதன் டிவிக்குக் கீழே கன்ட்ரோலரைப் பார்த்தார்.

“இது யாரோடது? உங்க தம்பியோடதா?”

“எனக்குத் தம்பி இல்ல. என்னோடது.”

“ஓ.” குனிந்து அதைக் கையில் எடுத்தார். “ஆடலாமா?”

ஐந்து சுற்று, மூன்று ஜெயிப்பவருக்கு ஆட்டம். அவர் கேட்காமலே லோரியை எடுத்தார். முதல் சுற்று அவருக்கு, இரண்டாவது இவளுக்கு, மூன்றாவது மறுபடி அவருக்கு. நான்காவதில் இவளுடைய உயிர் ஒரு நூல் அளவுக்கு இருந்தது. அவருடைய பட்டை நிறைந்து மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு பொத்தான்கள், அவ்வளவுதான், ஆட்டம் முடிந்திருக்கும். லோரி நின்றுகொண்டே இருந்தான். தும்பி பாய்ந்து பாய்ந்து அடித்தாள். சுற்று அவளுக்கு. இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது தொடங்குவதற்குள் அவருடைய மாமா சதாசிவம் வாசலில் வந்து நின்றார். “தம்பி, கெளம்பலாமா? இப்ப விட்டா ஜாம் ஆயிடும்லா.”

5.

இப்போது மீ கோரெங். எழுத்தாளராக இல்லாவிட்டால் இதை நான் விட்டிருப்பேன்.

எங்கள் வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்கள் முடிவு சொல்லும் முன் கை நனைக்க மாட்டார்கள். தேநீர் ஆகும், கேசரி ஆகும். உப்புப் போட்ட சாப்பாடு ஆகாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மீ கோரெங் அவர்கள் போன பிறகு நாங்கள் சாப்பிடுவதற்காகச் செய்தது. புடவை கட்டும் அவசரத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கஸ்தூரி, கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். ஒரு தட்டில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது சுற்று முடிந்ததும் கன்ட்ரோலருக்கு பேட்டரி தேடி எழுந்தாள். திரும்பி வந்தபோது தட்டு ஹேமநாதன் மடியில். கண்கள் திரையில். வாய் நிறைய மீ.

சித்தி பார்த்துவிட்டார். மாப்பிள்ளை சாப்பிட்டார், அதுவும் பெண்ணுடைய எச்சில் தட்டில். சித்தியின் முகம் பூரித்ததைப் பார்க்க வேண்டுமே! சதாசிவம் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

கேள்வி என்னவென்றால், அவர் கையால் சாப்பிட்டாரா, முள்கரண்டியாலா? கையால் என்றால் விரலெல்லாம் எண்ணெய், பொத்தான் வழுக்கியிருக்கும், தோல்வி நேர்மையானது. முள்கரண்டி என்றால் விரல் காய்ந்திருந்தது, வேண்டுமென்றேதான் விட்டுக்கொடுத்தார். சித்திக்கும் கைதான் வேண்டும். முள்கரண்டியால் தின்றால் கை நனைந்ததாகாது என்று சதாசிவம் மாமா சட்டம் பேசியிருக்கிறார். அம்மாவும் மகளும் ஒரே பதிலுக்காக, வெவ்வேறு காரணத்தோடு, என் முகத்தைப் பார்த்தார்கள். சித்தி கண்ணில் பட்டது தட்டு மட்டும்தான்; கண் திரையிலேயே இருந்த கஸ்தூரிக்குத் தான் எதால் தின்றோம் என்றே தெரியவில்லை. தட்டைக் கொண்டுபோனவள் நான்.

தட்டில் முள்கரண்டி வைத்தேனா? நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

“கையாலதான் சாப்பிட்டார்னு எழுதிடவா?” என்று கேட்டேன்.

“கதையில எழுதிக்குங்க. எங்கிட்ட சொல்லாதீங்க” என்றாள் கஸ்தூரி.

6.

வெள்ளிக்கிழமை. ஹேமநாதனைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், ஆள் பிடிபடவில்லை.

முதல் ஹேமநாதன் பெருந்தன்மைக்காரர். பெண்தானே, ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று நினைப்பவர். பெரியவர்களுக்கு இவரைப் பிடிக்கும். எனக்கே பிடித்திருந்தது, கஸ்தூரி ஒரு விஷயத்தைச் சொல்லும் வரை. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் போட்டி வைத்தார்கள். இவள் ஒருத்திதான் பெண். எதிரில் ஆடியவன் முதல் சுற்றில் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கூட்டம் கைதட்டியது.

“எல்லாருக்கும் அவன் ரொம்ப நல்லவன்க்கா. எனக்கு மட்டும் மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு” என்றாள். “நாளைக்கு வீட்டுல ஒரு சண்டைன்னா இவரும் இப்படித்தான் கையக் கட்டிக்குவாரு. சரிம்மா, நீ சொல்றதுதான் சரின்னு. அதோட எப்படி நாப்பது வருஷம் வாழறது? அடிச்சா அடிக்கணும்லா. நானும் ஒரு ஆளுன்னு தெரியணும்லா.”

என் வீட்டுக்காரர் இருபது வருடமாகச் சொல்லும் ‘சரிம்மா’ எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

இரண்டாவது ஹேமநாதனுக்கு விரல் வழுக்கியது. நேர்மையானவர், ஆனால் கதைக்கு உதவாதவர். மூன்றாவது ஹேமநாதன்—

(மூன்றாவதை என்னால் யோசிக்க முடியவில்லை. இடத்தை விட்டுவைக்கிறேன்.)

7.

“அவர்கிட்டயே கேட்டுடேன்” என்றேன் கஸ்தூரியிடம், ஃபோனில்.

“கேட்டா? வேணும்னு தோத்தவரும் இல்லம்பாரு, நெசமா தோத்தவரும் இல்லம்பாரு.”

“அப்ப இன்னொரு தடவ ஆடு.”

“மறுபடி வீட்டுக்கு வந்தா அம்மா தட்டு மாத்திடுவாங்க” என்றாள். பிறகு அவளே சொன்னாள்: “இன்டர்நெட்ல ஆடலாம்லா. அவர் வீட்டுல அவர், நம்ம வீட்டுல நான்.”

அவள் அனுப்பிய செய்தி: ‘நாளைக்கு மூணு மணிக்கு. முதல்ல இருந்து. விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்.’

வந்த பதில்: ‘சரி.’

(இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆளை எப்படி எழுதுவது?)

8.

சனிக்கிழமை. கதை கையை விட்டுப் போகக்கூடாது என்று ரெங்கத்துக்கே வந்துவிட்டேன். கஸ்தூரி தலையில் ஹெட்போன் மாட்டியிருக்கிறாள். வாய்க்குப் பக்கத்தில் மைக். அந்தப் பக்கம் ஸ்கூடாயில் ஹேமநாதன்.

முதல் சுற்றில் லோரி இவளைத் துவைத்துக் காயப்போட்டான். தும்பி இரண்டு தடவை ஆற்றில் விழுந்தாள். அவ்வளவு மோசமாகத் தோற்ற ஒருத்தி அவ்வளவு அழகாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

இரண்டாவதை மயிரிழையில் பிடித்தாள். மூன்றாவதையும். “ஐயோ, போச்சு!” என்று அவர் கத்தியது ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. பெண் பார்க்க வந்த அன்று அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை.

நான்காவது. இப்போது அப்படியே தலைகீழ். லோரியின் உயிர் நூல் அளவு. தும்பியின் பட்டை நிறைந்து மின்னுகிறது. இரண்டு பொத்தான்கள். அழுத்தினால் மூன்றுக்கு ஒன்று, ஆட்டம் இவளுக்கு.

கஸ்தூரியின் விரல்கள் பொத்தான்கள் மேல் இருந்தன. அழுத்தவில்லை.

“அழுத்துடி!” என்றேன்.

“இருங்கக்கா.”

“என்னா இருங்க? அழுத்து!”

“அழுத்தினா முடிஞ்சிடும்லாக்கா.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். என்னால் யோசிக்க முடியாத மூன்றாவது ஹேமநாதன் அங்கே உட்கார்ந்திருந்தார்; அன்று ஐந்தாவது சுற்று வேண்டும் என்பதற்காக நான்காவதைக் கைவிட்ட ஒருவர்.

மைக் திறந்தே இருந்தது. அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். லோரியும் அசையவில்லை. திரையில் இருவரும் எதிரெதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

9.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். ஆனால் திரையின் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு நேரம் உண்டு. நேரம் தீர்ந்தால் உயிர் அதிகம் மிச்சமுள்ளவர் ஜெயித்ததாகக் கணக்கு. அதாவது கஸ்தூரி. பொத்தானை அழுத்தினாலும் ஆட்டம் முடியும், அழுத்தாவிட்டாலும் முடியும். முடியாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. தெரிந்தே அவள் தோற்க வேண்டும்.

அவர் விட்டுக்கொடுத்தாரென்று நாலு நாளாகப் பொருமியவள் அவள். நான் அதை எடுத்துச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். “தும்பி லோரியை மேகத்துக்கு இழுத்துப் போனாள்—” அடித்துவிட்டேன். “நேரம் தீர்ந்தது, இருவரும்—” அதையும் அடித்துவிட்டேன். ஒன்றில் அவள் ஜெயிக்கிறாள், ஒன்றில் கடிகாரம் ஜெயிக்கிறது. இரண்டிலும் எனக்குச் சந்தோஷம் இல்லை.

என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடி விழாமல் தடுக்கும் பொத்தானை விடாமல் பிடித்திருந்த விரலை கஸ்தூரி மெல்ல எடுத்தாள். தும்பியின் கைகள் கீழே இறங்கின. ஹேமநாதனுக்கு இது என்னவென்று நன்றாகத் தெரியும். இனி லோரி அடிக்கலாம். அடித்து ஜெயித்தால் இன்னொரு சுற்று. அடிக்காமல் நிற்கலாம், நின்றால் அவர் அவளுக்கு மறுபடியும் விட்டுக்கொடுத்தவர்.

உங்களுக்கு அவரை இப்போது என் அளவுக்குத் தெரியும். லோரியின் கன்ட்ரோலரை நீங்கள் பிடியுங்கள். அவள் காத்திருக்கிறாள்.