எழும்பாத கை

வலது தோளில் வலி விடியும்போதே வந்துவிட்டது. சட்டையை இவன் இடது கையால்தான் மாட்டிக்கொண்டான். கிடங்கில் சிமெண்ட் மூட்டையையும் இடது தோளுக்கே வாங்கினான். வலது கை இடுப்புக்கு மேல் எழும்பாமல் போய் மூன்று மாதம். அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. செலவு சுமைகாரர்களின் பொது நிதியிலிருந்து என்று பேசி வைத்திருந்தார்கள்.

டீ நேரத்தில் மேஸ்திரி எல்லோரையும் உட்காரவைத்தார். கூட்டாளி நெட்டையனுக்கு ஈரலில் புற்று முற்றிவிட்டது. ஓர் ஊசி இருக்கிறதாம். போட்டால் நாலைந்து மாதம் கூடுதலாக இருப்பான், குணமாகாது. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நிதியிலிருந்து கொடுத்தால் பெட்டி காலி. வாசலில் நெட்டையனின் மனைவி மருத்துவச் சீட்டுப் பையோடு நின்றிருந்தாள்.

பிழைப்பான் என்றால் கட்டின துணியைக்கூட விற்றுக் கொடுக்கலாம், இது வீணாகக் கரைகிற காசு என்றார் ஒருவர். போகிறவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இருக்கிறவன் எங்கே போவான் என்று கேட்ட இன்னொருவர், இவன் தோளைப் பார்த்தார். பல தலைகள் ஆடின.

கிழிந்த சாக்குத் தைக்கிற அக்கா மட்டும் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். "அவன் மக பரீட்சை எழுதுறதப் பாத்துட்டுப் போவான்ல. உனக்கு நாலு மாசம் குடுத்தா வேணாம்பியா?"



"சரி, குடுக்கலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க," என்றார் மேஸ்திரி.

கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. இவனுடைய இடது கையில் டம்ளர் இருந்தது. டீ எப்போதோ தீர்ந்திருந்தது. இவன் அதைக் கீழே வைக்கவில்லை.

"அம்பது கிலோவ ஏத்துற கைக்கு வெறுங்காத்து கனக்குதாக்கும்," என்றாள் அக்கா, பொதுவாக.

மேஸ்திரி எண்ணினார்; பெரும்பான்மைக்கு இரண்டு கை குறைந்தது.

கூட்டம் கலைந்ததும் நெட்டையனின் மனைவி இவனிடம் வந்தாள்.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. உங்களுக்குக் கை எழும்பாதுன்னு அவருக்கும் தெரியும். நான் சொல்லிக்கிறேன்."

டம்ளரைப் பிடித்தபடியே இவன் தலையாட்டினான். அவள் பையைக் கை மாற்றிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

லாரி பின்புறமாக வந்து நின்றது. தோள் போன புதிதில், இவன் வேலை பறிபோகக் கூடாதென்று, இவன் பங்கு மூட்டைகளையும் சேர்த்துப் பதினொரு நாள் சுமந்தவன் நெட்டையன். எனக்கு முடியாதப்ப நீ சுமந்து குடு, போதும் என்று சிரித்திருந்தான்.

இவன் குனிந்து இடது தோளைக் கொடுத்தான். பதினொரு நாள் சுமை அப்படியே பாக்கி இருந்தது.